ஸ்கேனில் வரும் குழந்தையின் எடை: பத்து நாளில் 200 கிராம் குறையுமா?

கேள்வியின் சுருக்கம்: முதல் பிரசவம். 36 வாரம் 4 நாளில் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் எடை 3,374 கிராம். பத்து நாள் கழித்து, சரியாக 38 வாரத்தில், வேறொரு ஸ்கேன் சென்டரில் 3,171 கிராம். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. முதல் ரிப்போர்ட்டைப் பார்த்த உறவினர்கள் "பெரிய குழந்தை, சிசேரியன்தான்" என்றார்கள். இரண்டாவதைப் பார்த்துவிட்டு "வளர்ச்சி நின்றுபோச்சு" என்கிறார்கள். குழந்தை இளைத்துவிட்டதா? எதை நம்புவது?

பதில்:

குழந்தை இளைக்கவில்லை. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை பத்து நாளில் 200 கிராம் இழப்பதில்லை. நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாத குழந்தைக்குக்கூட எடை ஏறுவது மெதுவாகும், அல்லது நிற்கும். உங்கள் இரண்டு ரிப்போர்ட்டிலும் மாறியிருப்பது அளவெடுத்த விதம்தான்.

ஸ்கேன் மெஷின் குழந்தையை எடைபோடுவதில்லை. நான்கு நீளங்களை அளக்கிறது: தலையின் குறுக்களவு (பிபிடி), தலைச் சுற்றளவு (எச்சி), வயிற்றுச் சுற்றளவு (ஏசி), தொடை எலும்பின் நீளம் (எஃப்எல்). இவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு எடையைக் கணக்கிடுகிறது. நம் ஊர் மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது, அமெரிக்காவில் ஹாட்லாக் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1985இல் வெளியிட்ட சூத்திரம். குழந்தையின் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. மூன்று நான்கு அளவுகளை வைத்துக்கொண்டு, "இந்த அளவுள்ள குழந்தைகள் சராசரியாக இவ்வளவு எடையில் பிறந்தார்கள்" என்று மட்டுமே அது சொல்லும்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். முதல் ஸ்கேனில் தலைச் சுற்றளவு 33.0, வயிற்றுச் சுற்றளவு 35.0, தொடை எலும்பு 7.2 செ.மீ. இரண்டாவதில் 33.2, 33.8, 7.1. தலை சற்றுக் கூடியிருக்கிறது. தொடை எலும்பில் ஒரு மில்லிமீட்டர் குறைவு. எலும்பு சுருங்காது, ஆகவே அது கர்சரை வைத்ததில் வந்த வித்தியாசம். பெரிய மாற்றம் வயிற்றில்: 1.2 செ.மீ. இரண்டாவது ஸ்கேனில் மற்ற அளவுகளை அப்படியே விட்டுவிட்டு வயிற்றை மட்டும் 35.0 என்று போட்டுக் கணக்கிட்டால் எடை 3,357 கிராம் வருகிறது. நீங்கள் கவலைப்படும் 203 கிராமில் 186 கிராம் அந்த ஒரே அளவிலிருந்து வந்தது.

இந்த எடையில் இருக்கும் குழந்தைக்கு வயிற்றுச் சுற்றளவில் 1 செ.மீ மாறினால் ஏறத்தாழ 150 முதல் 160 கிராம் மாறும். தலைச் சுற்றளவில் 1 செ.மீ மாறினால் சுமார் 80 கிராம். தொடை எலும்பில் 1 மி.மீ என்றால் 35 கிராம் அளவுக்கு. நான்கில் எடையை அதிகம் தீர்மானிப்பதும் வயிறு, அளக்கக் கடினமானதும் வயிறு. தலையைச் சுற்றி எலும்பு இருப்பதால் விளிம்பு வெள்ளைக் கோடாகத் தெளிவாகத் தெரியும். வயிறு மென்மையானது. அழுத்தினால் தட்டையாகும், குழந்தை மூச்சுப் பயிற்சிபோல் அசைந்தால் வடிவம் மாறும், விலா எலும்பின் நிழல் விழுந்தால் ஒரு பக்கம் மறைந்துபோகும்.

வயிற்றைச் சரியாக அளக்க ஒரே ஒரு குறுக்குவெட்டுதான் உண்டு. படம் வட்டமாக இருக்கவேண்டும். இரைப்பை கறுப்புக் குமிழாகத் தெரியவேண்டும். தொப்புள் சிரை கல்லீரலுக்குள் வளைந்து சேரும் இடம் சிறு துண்டாகத் தெரியவேண்டும். அதே சிரை முன்சுவர் வரை நீளக் கோடாக ஓடினால் வெட்டு சாய்ந்திருக்கிறது என்று பொருள். முதுகெலும்பு ஒரு பக்கம், இரு பக்கமும் விலா எலும்பு ஏறக்குறைய சமமாக. சிறுநீரகம் தெரிந்தால் கீழே போய்விட்டோம், இதயம் தெரிந்தால் மேலே வந்துவிட்டோம். நீள்வட்டக் கோட்டைத் தோலின் வெளி விளிம்பில் போடவேண்டும். சாய்ந்த வெட்டு வட்டத்தை முட்டைபோல நீட்டிவிடுவதால் சுற்றளவு கூடி, எடையும் கூடிவிடும். கோட்டைத் தோலுக்கு உள்ளே போட்டுவிட்டால் குறையும். உங்கள் ரிப்போர்ட்டோடு படங்கள் தந்திருந்தால் வயிற்றுப் படத்தை எடுத்து, அது வட்டமா, முட்டை வடிவமா என்று நீங்களே பார்க்கலாம். நல்ல ஸ்கேன் மருத்துவர் வயிற்றை இரண்டு மூன்று முறை அளந்து சராசரி எடுப்பார். கூட்டம் நிறைந்த சென்டரில் பல நேரம் ஒரே தடவையோடு முடிந்துவிடுகிறது.

தலையில் வரும் தவறு வேறு வகை. மாதம் முடிந்த நேரத்தில் தலை இடுப்புக்குள் இறங்கிவிட்டால் மூளையின் தாலமஸ் தெரியும் சரியான வெட்டு கிடைக்காது. கிடைத்த வெட்டில் அளந்தால் குறைவாக வரும். குழந்தை கால் கீழாக இருந்தால் தலை பக்கவாட்டில் ஒடுங்கி நீண்டிருக்கும். அப்போது பிபிடி மட்டும் வாரத்துக்குப் பொருந்தாமல் சின்னதாக வரும், தலைச் சுற்றளவு சரியாக இருக்கும். ஆகவே பிபிடியை மட்டும் பார்த்து "தலை சின்னது" என்று யாராவது சொன்னால் எச்சியைப் பாருங்கள். தொடை எலும்பை ஒலிக்கதிருக்குக் குறுக்காகப் படுத்திருக்கும்போது அளக்கவேண்டும். முழங்கால் பக்கத்து எலும்பு முனையைச் சேர்த்துவிட்டால் நீளம் கூடிவிடும்.

பனிக்குட நீர் குறைந்திருந்தாலும், தாயின் வயிற்றில் கொழுப்பு அதிகமிருந்தாலும் படம் மங்கும், பிழை கூடும். இவ்வளவும் சேர்ந்துதான் "கூடக் குறைய 10 சதவீதம்" என்ற கணக்கு வருகிறது. அந்த 10 சதவீதமும் மேல்வரம்பு அல்ல. 15 சதவீதம் தள்ளிப்போகும் ஸ்கேன்களும் நிறையவே உண்டு. 3,374 என்ற எண்ணை 3,040க்கும் 3,710க்கும் இடையில் என்று படியுங்கள். 3,171 என்பதை 2,850க்கும் 3,490க்கும் இடையில் என்று படியுங்கள். இரண்டு வரம்புகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. 36 வாரத்தில் 3,100 கிராம் இருந்து 38 வாரத்தில் 3,350 ஆன ஒரு குழந்தை இந்த இரண்டு ரிப்போர்ட்டையும் தந்திருக்க முடியும்: முதல் தடவை 9 சதவீதம் கூட, இரண்டாம் தடவை 5 சதவீதம் குறைவாக.

பத்து நாள் இடைவெளியே இங்கு பெரிய தவறு. 36 வாரத்துக்குப் பிறகு குழந்தை வாரத்துக்கு ஏறத்தாழ 200 கிராம் கூடுகிறது. பத்து நாளில் கூடுவது 280 கிராமைச் சுற்றி. ஸ்கேனின் பிழையோ 300 கிராம். பிழையைவிட வளர்ச்சி சின்னதாக இருக்கும்போது வளர்ச்சியை அளக்கவே முடியாது. அதனால்தான் எடைக்காக எடுக்கும் இரண்டு ஸ்கேன்களுக்கு இடையில் குறைந்தது 2 வாரம், முடிந்தால் 3 வாரம் விடச் சொல்கிறார்கள். மெஷினும் ஆளும் மாறினால் ஒப்பீடு இன்னும் பலவீனமாகும். வளர்ச்சியைப் பின்தொடர வேண்டுமென்றால் ஒரே இடத்தில், முடிந்தால் ஒரே மருத்துவரிடம் எடுங்கள்.

எடையைக் கணிக்க, ஸ்கேனுக்கு முன்பே வந்த, இன்றும் பயன்படும் ஒரு முறை இருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு நாடா. சிறுநீர் கழித்துவிட்டு மல்லாந்து, கால் நீட்டிப் படுக்கவேண்டும். கருப்பை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கையால் நடுவுக்குக் கொண்டுவந்து, அதன் மேல்விளிம்பை இடது கையின் சுண்டுவிரல் பக்கத்தால் கண்டுபிடித்து, அடிவயிற்றுப் பூப்பெலும்பின் மேல்முனையிலிருந்து அதுவரை நாடாவைப் பிடிக்கவேண்டும். சென்டிமீட்டர் எண்கள் தோல் பக்கம் இருக்கட்டும். எதிர்பார்க்கும் எண்ணுக்கு விரலை நகர்த்துவது எல்லோருக்கும் வரும் பழக்கம், அதைத் தடுக்கத்தான் இது. கருப்பை இறுகியிருக்கும்போது அளக்கக்கூடாது.

ஜான்சன் என்பவர் 1954இல் தந்த கணக்கு: நாடாவில் வந்த அந்த உயரத்திலிருந்து 13ஐக் கழித்து 155ஆல் பெருக்கவேண்டும். இது தலை இன்னும் இறங்காமல் மிதக்கும்போது. தலை இறங்கி, உள்பரிசோதனையில் இடுப்பெலும்பின் முள் மட்டத்துக்கு வந்திருந்தால் 13க்குப் பதில் 12, அதற்கும் கீழே போயிருந்தால் 11. உயரம் 34 செ.மீ, தலை மிதக்கிறது என்றால் 21 பெருக்கல் 155, அதாவது 3,255 கிராம். தாயின் எடை 91 கிலோவுக்கு மேலிருந்தால் உயரத்திலிருந்து இன்னொரு சென்டிமீட்டரைக் கழிப்பார்கள். இன்னொரு எளிய கணக்கும் உண்டு: அதே உயரத்தைத் தொப்புள் மட்டத்தில் எடுத்த வயிற்றுச் சுற்றளவால் பெருக்குவது. 34 பெருக்கல் 95 என்றால் 3,230 கிராம். பனிக்குட நீர் அதிகமிருந்தாலோ, இரட்டைக் குழந்தை என்றாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ இவை இரண்டும் உதவாது.

ஸ்கேன் இருக்கும்போது நாடா எதற்கு என்று தோன்றலாம். மாதம் முடிந்த நேரத்தில், சராசரி எடையுள்ள குழந்தைகளில், அனுபவமுள்ள கை தொட்டுச் சொல்லும் எடை ஸ்கேனைவிட மோசமாக இருப்பதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே பெற்றவர்கள் "இது மூத்ததைவிடப் பெரிசு" என்று சொல்வதும் மருத்துவரின் கணிப்புக்கு இணையாகப் பலிப்பதுண்டு. ஆகவே ஸ்கேனும் கையும் ஒரே பக்கம் காட்டுகின்றனவா என்பதைப் பாருங்கள். ஸ்கேன் 3.8 என்று சொல்லி, நாடா 3.1 என்று சொன்னால், இரண்டில் ஒன்றைத் திரும்ப அளக்காமல் முடிவெடுக்கக்கூடாது.

இப்போது "பெரிய குழந்தை, சிசேரியன்தான்" என்ற பேச்சுக்கு வருவோம். முதல் ரிப்போர்ட்டின் 3,374 கிராம் 36 வாரத்துக்கு அதிகம்தான். ஹாட்லாக் அட்டவணைப்படி அந்த நாளில் நடுவரிசைக் குழந்தை 2,940 கிராம் அளவில் இருக்கும். ஆனால் 3.4 கிலோ என்பதோ, 38 வாரத்தில் 3.6 என்பதோ சிசேரியனுக்குக் காரணமல்ல. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல், சர்க்கரை இல்லாத தாய்க்குக் கணித்த எடை 5 கிலோவைத் தொட்டால், சர்க்கரை உள்ள தாய்க்கு 4.5 கிலோவைத் தொட்டால்தான் எடைக்காகவே சிசேரியனை யோசிக்கலாம் என்கிறது. நம் ஊரில் சராசரிக் குழந்தை 3 கிலோவுக்குச் சற்றுக் கீழேதான் பிறக்கிறது, தாய்மார்களின் உயரமும் குறைவு, அதனால் இங்கே மருத்துவர்கள் இன்னும் கீழேயே எச்சரிக்கையாவார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் மூன்றரைக் கிலோ அந்த எல்லைக்கு அருகில்கூட இல்லை.

பெரிய குழந்தையில் பயப்படும் விஷயம், தலை வந்தபின் தோள் சிக்கிக்கொள்வது. அப்படிச் சிக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதி 4 கிலோவுக்குக் குறைந்தவை. அப்படியானால் எடையை வைத்து மட்டும் இதை முன்கூட்டியே சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1996இல் வெளியான ஒரு கணக்கீடு, சர்க்கரை இல்லாத தாய்மார்களில் ஸ்கேனில் 4.5 கிலோ வந்த எல்லோருக்கும் சிசேரியன் செய்தால், ஒரு குழந்தைக்கு நிரந்தரக் கை நரம்புப் பாதிப்பைத் தவிர்க்க 3,695 அறுவை சிகிச்சைகள் தேவைப்படும் என்று காட்டியது. சர்க்கரை உள்ளவர்களில் அதே எண் 443. சர்க்கரை இருந்தால் ஏன் இத்தனை வித்தியாசம்? அந்தக் குழந்தைகளுக்குக் கொழுப்பு தோளிலும் உடம்பிலும் சேர்கிறது, தலைக்கும் தோளுக்கும் உள்ள பொருத்தம் மாறுகிறது. அதனால் பெரிய எடை வந்த ரிப்போர்ட்டோடு முதலில் கேட்கவேண்டியது சர்க்கரைப் பரிசோதனையின் முடிவு. தமிழ்நாட்டில் செய்யப்படுவது, சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னெடுத்த முறை: சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது. 140 மி.கி அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. "சர்க்கரை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நான்காம் மாதத்தில் பார்த்த ஒரே முடிவா, ஏழாம் மாதத்திலும் பார்த்தீர்களா என்று அட்டையைப் புரட்டிப் பாருங்கள். முதலில் சரியாக இருந்து பின்னால் ஏறுவது சாதாரணமாக நடக்கும்.

இடுப்பு போதுமா போதாதா என்பதையும் எடை சொல்லாது. தலை எந்தக் கோணத்தில் இறங்குகிறது, எவ்வளவு குனிந்திருக்கிறது, வலி எவ்வளவு பலமாக வருகிறது என்பவை சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. அது வலி எடுத்த பிறகுதான் தெரியும். 2.8 கிலோ குழந்தை முகம் மேல்நோக்கி இறங்கிச் சிக்கிக்கொள்வதும், 3.8 கிலோ குழந்தை சுகப்பிரசவமாக வருவதும் தினமும் நடப்பவை. ரிப்போர்ட்டில் பெரிய எண் இருந்தாலே, குழந்தை உண்மையில் பெரிதாக இல்லாதபோதும், சிசேரியன் விகிதம் ஏறுகிறது. தவறான ஓர் எண்ணை நம்பி முதல் பிரசவத்தில் வயிற்றைக் கிழித்துவிட்டால் அடுத்த பிரசவத்திலும் அதன் பாரம் தொடரும். இந்த எண்ணை இவ்வளவு நேரம் பிரித்துப் பார்ப்பது அதனால்தான்.

"வளர்ச்சி நின்றுபோச்சு" என்ற இரண்டாவது பயத்தை நான் இதே வேகத்தில் ஒதுக்கமாட்டேன். பெரிதாகக் கணித்ததால் வரும் கேடு தேவையற்ற அறுவை சிகிச்சை. வளராத குழந்தையைக் கவனிக்காமல் விட்டால் வரும் கேடு அதைவிடக் கொடியது. நல்ல செய்தி, அதற்கு எடையைத் தவிர வேறு சாட்சிகள் இருக்கின்றன. 38 வாரத்தில் நடுவரிசை 3,236 கிராம். உங்கள் 3,171 அதன் பக்கத்திலேயே இருக்கிறது. கவலைக்குரிய எல்லை, நூறு குழந்தைகளை எடைவாரியாக நிறுத்தினால் கடைசிப் பத்துக்குள் வருவது, அந்த வாரத்துக்குச் சுமார் 2,690 கிராமுக்குக் கீழே. கடைசி மூன்றுக்குள் வந்தால் இன்னும் தீவிரம். நீங்கள் அங்கே இல்லை. இருந்தாலும் காகிதத்தில் வளர்ச்சிக் கோடு கீழே இறங்கியிருப்பதால் ஒருமுறை டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) பார்த்துவிடுவது சரி. தொப்புள்கொடித் தமனியில் ரத்தம் தடையில்லாமல் போகிறதா, மூளைத் தமனியின் அளவோடு ஒப்பிட்டால் விகிதம் சரியாக இருக்கிறதா என்று அது காட்டும். நஞ்சுக்கொடி தளர்ந்தால் குழந்தை ரத்தத்தை மூளைப் பக்கம் திருப்பிக்கொள்ளும். எடையில் தெரிவதற்கு முன்பே அது டாப்ளரில் தெரியலாம். பனிக்குட நீரை நான்கு இடத்தில் அளந்து கூட்டினால் 5 முதல் 24 செ.மீ வரை, ஒரே ஆழமான இடத்தில் அளந்தால் 2 முதல் 8 செ.மீ வரை இருக்கவேண்டும். இவை சரியாக இருந்து, அசைவும் வழக்கம்போல இருந்தால் அந்த 203 கிராமுக்கு ஒரு பொருளும் இல்லை.

ரிப்போர்ட்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது. மெஷின் அளவுகளைச் சராசரி ஆக்கி, "குழந்தை 37 வாரம் 1 நாள்" என்று ஒரு வயதையும், அதிலிருந்து புதிய பிரசவ தேதி ஒன்றையும் அச்சடித்துவிடும். கடைசி மாதத்தில் வரும் அந்தத் தேதியைக் கண்டுகொள்ளவே வேண்டாம். பிரசவ தேதி முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனில் தலை முதல் பிட்டம் வரை அளந்து முடிவானது. அதற்குப் பிறகு மாற்றக்கூடாது. மாற்றினால், உண்மையில் வளராத குழந்தை "வாரம் குறைந்த, சரியான குழந்தை" என்று ஒளிந்துகொள்ளும். முதல் ஸ்கேன் எடுக்காமல் மாதவிலக்குத் தேதியை மட்டும் வைத்து வாரம் எண்ணியவர்களுக்கு இந்தக் குழப்பம் அதிகம். ஒழுங்கற்ற மாதவிலக்கு உள்ளவருக்கு இரண்டு வாரம் தப்பினால் எடையில் 400 கிராம் தப்பியதுபோலத் தோன்றும்.

சாப்பாட்டைப் பற்றி யாராவது சொல்வார்கள், அதனால் அதையும் எழுதிவிடுகிறேன். 38 வாரத்தில் சோற்றைக் குறைத்துக் குழந்தையைச் சின்னதாக்கவும் முடியாது, நெய்யும் பேரீச்சையும் புரதப் பவுடரும் கொடுத்து ஒரு வாரத்தில் பெரிதாக்கவும் முடியாது. நஞ்சுக்கொடியில் குறை இருந்தால் அதைத் தாண்டிச் சாப்பாடு போய்ச்சேராது. சர்க்கரை இல்லாதவர் வழக்கம்போல் சாப்பிடலாம்.

இந்த வாரம் எடைக்காக மூன்றாவது ஸ்கேன் வேண்டாம். அடுத்த பரிசோதனைக்கு இரண்டு ரிப்போர்ட்டையும் படங்களோடு, முதல் மூன்று மாத ஸ்கேனோடு எடுத்துப் போங்கள். மருத்துவரிடம் நாடா பிடித்து அளக்கச் சொல்லுங்கள், தலை இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள், டாப்ளர் இரண்டாவது ரிப்போர்ட்டில் இல்லையென்றால் அதைமட்டும் எடுக்கலாமா என்று கேளுங்கள். சிசேரியன் என்று சொன்னால், "எடைக்காகவா, வேறு காரணத்துக்காகவா?" என்று நேராகக் கேளுங்கள். பிரஷர், நீர்க்குறைவு, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, குழந்தை கால் கீழாக இருப்பது போன்ற வேறு காரணம் இருந்தால் அது தனிப் பேச்சு, அதை இந்தப் பதிலை வைத்து மறுக்காதீர்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், நீர் உடைந்தால், ரத்தம் பட்டால், ஸ்கேனில் எத்தனை கிலோ இருந்தது என்று யோசித்துக்கொண்டிராமல் அன்றைக்கே, இரவானாலும், பிரசவம் பார்க்கும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.